ஒன்பதாம் நாற்காலிக்கு வந்த அடி

ஏணியக்கா பத்தொன்பது வருடமாக ஊரின் இணையக் கம்பிகளைத் தொட்டு வேலை பார்த்தவள். அத்தனை வருடத்தில் ஒரு கம்பிகூட அவளிடம் சான்றிதழ் கேட்டதில்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு இணைப்பகத்தில் சேர்ந்தவள் அவள். நல்ல உயரம். தோளில் எப்போதும் ஏணி. அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் என்னவென்று சம்பளப் பட்டியலுக்கும் அவள் புருஷனுக்கும் மட்டும்தான் தெரியும். தெருக்குழிக்குள் கையை விட்டு, எட்டிக்கூடப் பார்க்காமல், எந்தக் கம்பி எந்த வீட்டுக்குப் போகிறது என்று விரலால் தடவியே சொல்லிவிடுவாள். விருந்தாளி வந்தால்கூட எழுந்திருக்காத பிள்ளைகள், இணையம் நின்றுபோன வீட்டுக்கு அவள் வந்தால் எழுந்து வழிவிடும்.

ஒரு திங்கட்கிழமை மேற்பார்வையாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். புது விதி வந்திருக்கிறது என்றார். வலைச் சமூகக் கோட்பாடுகளைப் படித்துச் சான்றிதழ் வாங்காதவர்கள் இனிமேல் எந்த இணைப்பையும் தொடக் கூடாது. படிப்பு ஆறு மாதம். முதல் ஆளாக அவளை அனுப்புகிறார்கள். சான்றிதழோடு வந்தால் வேலை உண்டு. இல்லையென்றால் ஏணியை ஒப்படைத்துவிட்டுப் போகலாம்.

"கம்பி ஒட்டுறதுக்குக் கோட்பாடு எதுக்கு சார்?" என்று கேட்டாள்.

"நீ கம்பியை வெறும் கம்பியாப் பாக்கிற பாரு, அதுக்குத்தான்."

அவருடைய தலைக்கு மேலே, சுவரில், அவருடைய சான்றிதழ் தங்க நிறச் சட்டத்துக்குள் தொங்கியது. அவர் வகுப்புக்குப் போனதில்லை. விதியை எழுதிய குழுவில் இருந்தார் என்பதற்காகத் துறையே மரியாதையாக அனுப்பிவைத்த சான்றிதழ் அது. அவர் வாழ்நாளில் கம்பியோடு வைத்துக்கொண்ட ஒரே உறவு அந்தச் சட்டத்தை மாட்டிய கம்பிதான். அதையும் ஏணியக்காதான் மாட்டிக் கொடுத்தாள்.

புதிய ஊடக வலைச் சமூகக் கோட்பாட்டுத் துறை ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. மின்தூக்கி ஓடவில்லை. மூச்சு வாங்க ஏறிப் போனால் நீளமான ஒரே அறை. மூன்று சுவர்களை ஒட்டி, தெருப்பக்க ஜன்னலில் தொடங்கி வாசல்கதவு வரைக்கும், ஒன்பது நாற்காலிகள். எட்டில் ஆள் இருந்தது. கதவோரமிருந்த ஒன்பதாவது காலி. அதன் ஒரு காலில் கம்பி சுற்றி முறிவை ஒட்டியிருந்தார்கள். எதிர்ச் சுவரில் நீல எழுத்தில் பெரிதாக ஒரு வாசகம் எழுதியிருந்தது: "வந்ததை வைத்துக்கொள்ளாதே. கூட்டிக் கடத்து."

இங்கே தலைவர் யார் என்று விசாரித்தாள். எட்டுப் பேரும் சிரித்தார்கள். ஜன்னலோரத்து ஆள் மட்டும் இரக்கத்தோடு சிரித்தார். வெண்ணெய் தடவியது போன்ற குரல் அவருக்கு. தலைவர், மையம், மேலிடம் எல்லாம் பழைய ஊடகத்தின் நோய்கள் என்று விளக்கினார். வலைச் சமூகத்தில் எல்லாரும் கணுக்கள், வலையின் முடிச்சுகள். பெயர்கூட அதிகாரத்தின் மிச்சம்தான். அதனால் அவரை முதல் நாற்காலி என்றே கூப்பிட வேண்டும். "நானும் ஒரு கணு, நீங்களும் ஒரு கணு. நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது தற்செயல்" என்றார். அறையிலிருந்த ஒரே மின்விசிறி அந்தத் தற்செயலுக்கு நேர் மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

நேராகப் பேசுவது அங்கே தடை. எதுவானாலும் முதல் நாற்காலியில் புறப்பட்டு, நாற்காலி நாற்காலியாகக் கைமாறித்தான் வர வேண்டும். வருகிற எதையும் எவரும் தன்னிடம் நிறுத்தக் கூடாது. அதற்குத் தேக்கம் என்று பெயர்; அந்தத் துறையில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. கடத்தும்போது தன் பங்காக ஏதாவது கூட்டியே கடத்த வேண்டும். அதற்குப் பங்கேற்பு என்று பெயர். அன்று காலைத் தேநீரும் அப்படித்தான் வந்தது. ஒவ்வொருவரும் ஒரு கரண்டி சர்க்கரை கூட்டிக் கூட்டி அனுப்பினார்கள். ஏணியக்காவின் கைக்கு வந்தபோது கரண்டியைக் கிளாசில் நட்டு வைக்கலாம் போலிருந்தது.

அவள் புதியவள், வழக்கம் தெரியாது. பாடம் நடந்துகொண்டிருக்கும்போது எழுந்து நின்று, கம்பி அறுந்துபோனால் என்ன செய்வதென்று இந்தப் படிப்பில் எங்கே வருகிறது என்று நேராகக் கேட்டுவிட்டாள்.

முதல் நாற்காலி முகம் சுளிக்கவில்லை. பக்கத்திலிருந்த இரண்டாம் நாற்காலியின் தோளில் இரண்டு விரலால் லேசாகத் தட்டினார். இரண்டாம் நாற்காலி அதைக் கூட்டி, மூன்றாம் நாற்காலியின் முதுகில் ஒரு போடு போட்டது. மூன்றாவது, நாலாவதன் கழுத்தைப் பிடித்துத் தள்ளியது. நாலாவது, ஐந்தாவதைக் கன்னத்தில் அறைந்தது. ஐந்தாம் நாற்காலி மெலிந்த ஒரு பெண். "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு ஆறாவதன் மூக்கில் நோட்டுப் புத்தகத்தால் அடித்தாள். ஆறாவது, ஏழாவதன் வயிற்றில் குத்தியது. ஏழாவது, எட்டாவதன் முழங்காலில் எட்டி உதைத்தது. எட்டாம் நாற்காலி எழுந்து நின்றது. உரல் மாதிரி ஆள். 'தொடுதிரைகளும் மென்மையின் அரசியலும்' என்பது அவருடைய ஆய்வுத் தலைப்பு. அவர் கையை ஓங்கியதை மட்டும்தான் ஏணியக்கா பார்த்தாள். அடுத்தபடியாக அவள் பார்த்தது தாழ்வாரத்தின் கூரையை. நாற்காலியோடு கதவைத் தாண்டி விழுந்திருந்தாள்.

இடது காதுக்குள் வண்டு புகுந்தது போல் ரீங்காரம் கேட்டது. உள்ளேயிருந்து முதல் நாற்காலியின் குரல் வந்தது. "உங்கள் கேள்விக்கான எதிர்வினை வந்து சேர்ந்ததா?"

சுவரைப் பிடித்து எழுந்தாள். "என்னை அடிச்சது யாரு?"

"யார் என்பது மிகப் பழைய கேள்வி" என்றார் அவர். "இங்கே யாரும் யாரையும் அடிப்பதில்லை. அடி பாய்கிறது. நான் தட்டினேன், அவ்வளவுதான். என் தட்டலுக்கும் உங்கள் கன்னத்துக்கும் நடுவில் ஏழு பேருடைய படைப்புச் சுதந்திரம் இருக்கிறது. அதில் தலையிட நான் என்ன சர்வாதிகாரியா?"

சரி, அப்படியானால் இதை நான் யாருக்குக் கடத்துவது என்று கேட்டாள். அவளுக்கு அடுத்தபடி கதவுதான் இருந்தது.

முதல் நாற்காலி கண்ணை மூடித் திறந்தார். "நீங்கள் இறுதிக் கணு. உங்களுக்குப் பிறகு சமூகம்" என்றார். மற்ற ஏழு பேரும் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு விரலில் ரத்தம் கசிந்ததால் எழுத்து தெளிவாக வரவில்லை.

அவள் புருஷன் முடிதிருத்தும் தொழிலாளி. வீட்டின் முன்னறையே கடை. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, வம்பு பேச நீளமான ஒரு பெஞ்சு. சாயங்காலம் பாதி முகம் வீங்கிப்போய் அவள் படியேறியபோது, சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த வாடிக்கைக்காரரை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தான். யார் அடிச்சது என்று கேட்டான்.

"யாரும் அடிக்கலைங்க. பாஞ்சுது."

"பாஞ்சுதா? பள்ளிக்கூடத்துக்குப் போனியா, மாட்டுக் கொட்டகைக்குப் போனியா?"

சிரிக்க முயன்றாள், தாடை இடம் கொடுக்கவில்லை. அடுத்த வீட்டுப் பெண்கள் கேட்டபோதும் யாரும் அடிக்கவில்லை என்றுதான் சொன்னாள். அது உண்மை என்று துறை சொல்லியிருந்தது. ஆனால் புருஷனிடம் அடி வாங்குகிற பெண்கள் எல்லாரும் அந்தத் தெருவில் அதையேதான் சொல்லி வந்தார்கள். அதனால் தெரு புரிந்துகொண்டது. பெஞ்சில் ஆள் குறைந்தது. வந்த ஒன்றிரண்டு பேரும், சவரக்கத்தி அவன் கையிலிருக்கும்போது பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

வாரத்துக்கு மூன்று வகுப்பு. வகுப்புக்கு ஒரு பாய்ச்சல் தவறாமல் நடந்தது. இரண்டாம் மாதம் அவள் ஒரு புகார் எழுதினாள். புகார்ப் பெட்டி முதல் நாற்காலியின் கைப்பிடியிலேயே இருந்தது. அவர் அதை ரசித்துப் படித்தார். "நேர்மையான குரல்" என்று ஓரத்தில் எழுதிக் கடத்தினார். அடுத்தவர் அதற்கு ஒரு முன்னுரை சேர்த்தார். மற்றவர் அடிக்குறிப்புப் போட்டார். ஒருவர் வரைபடம் வரைந்தார். மூன்று வாரம் கழித்து, ஒரு முழங்கை உயரத்துக்குத் தடித்துப்போய், அட்டை போட்டு, கயிறு கட்டி, எட்டாம் நாற்காலியின் கைக்கு அது வந்தது. கடைசிப் பக்கத்தில் அவர் ஒரு வரி எழுதினார்: "உரிய நடவடிக்கைக்காக ஒன்பதாம் நாற்காலிக்கு அனுப்பப்படுகிறது." எழுதி முடித்து, இரண்டு கையாலும் தூக்கி அவள் தலையில் போட்டார். தன் புகார் இவ்வளவு கனமானது என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

நினைவு தெளிந்தபோது, தாழ்வாரக் குழாயடியில் ஐந்தாம் நாற்காலிப் பெண் அவள் தலைக்கு ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து வருடமாக ஆய்வேடு எழுதுகிறாளாம். அறைக்கு வெளியே மட்டும் அவளுக்குக் குரல் இருந்தது.

"வேணும்னு செய்யறதில்லைக்கா. வந்ததைக் கையில வெச்சிக்கிட்டா தேக்கம்னு எழுதிடுவாங்க. போன வருஷம் ஒருத்தர் வெச்சிக்கிட்டாரு. மூணாவதுல இருந்தாரு பாவம். நான் யாருக்கும் தர மாட்டேன்னு சொல்லிட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் அவரை ஒன்பதாவதுக்கு மாத்தினாங்க." அவள் துணியைப் பிழிந்தாள். "நாற்காலிக் காலை ஒட்டினது அதுக்கப்புறம்தான்."

நாலாம் மாதம் ஆய்வுப் பகிர்வு வாரம் வந்தது. அந்த ஒரு வாரம் மட்டும் தினமும் வகுப்பு; வெறுங்கையால் கடத்துவது பழமையாகக் கருதப்பட்டது. புதிய ஊடகக் கருவிகள் வழியாகத்தான் எதுவும் பாய வேண்டும். திங்கள் மின்கம்பிச் சாட்டை. செவ்வாய் காதில் மாட்டும் ஒலிபெருக்கி. புதன்கிழமை ஏழாம் நாற்காலியின் விலா எலும்பு ஒன்று முறிந்தது; அவர் வலியோடு நன்றியுரை சொன்னார். வியாழக்கிழமை ஒரு விசைப்பலகை எட்டுக் கை மாறி, எழுத்துகள் உதிர உதிர, ஏணியக்காவின் வாய்க்கு வந்து சேர்ந்தது. முன்பல் ஒன்று தெறித்துத் தரையில் உருண்டது.

அன்றைக்குத்தான் முதல்முறையாக எட்டுப் பேரும் நாற்காலியை விட்டு எழுந்து ஓடிவந்தார்கள். அவளிடம் இல்லை, பல்லிடம். துறை தொடங்கி ஆறு வருடமாகிறது. என்ன வெளியிட்டீர்கள் என்று மேலே இருக்கிறவர்கள் வருடம் தவறாமல் கேட்கிறார்கள். இத்தனை வருடம் அந்த வலைக்குள் எல்லாமும் ஓடியது; வெளியே வந்தது என்று ஒரு பொருள்கூட இல்லை. இப்போது வந்துவிட்டது. பல்லைக் கழுவி, சிறு கண்ணாடிப் பேழைக்குள் பஞ்சின் மேல் வைத்து, "வெளியீடு 1" என்று சீட்டு ஒட்டினார்கள். முதல் நாற்காலி தழுதழுத்துப் பேசினார். "தனிமனிதப் படைப்பாளியின் காலம் முடிந்துவிட்டது. இந்தப் பல்லை உருவாக்கியவர் யார் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. இதுதான் நம் வெற்றி."

வாயைத் துணியால் பொத்திக்கொண்டு, பல்லைத் திருப்பித் தரும்படி கேட்டாள். கூட்டுப் படைப்பு அது, அவளுக்கு அதில் ஒன்பதில் ஒரு பங்குதான் உண்டு என்று பதில் வந்தது. பதிலோடு வழக்கமானதும் வந்தது.

பொக்கை வாயோடு அவள் தெருவில் நடந்து போனதை எல்லாரும் பார்த்தார்கள். மறுநாள் நடுப்பகலில் அவள் வகுப்புக்குப் போயிருந்த நேரம், துணி தேய்க்கும் இஸ்திரிக்காரர் இன்னும் இரண்டு பேரோடு கடைக்குள் நுழைந்தார். முதலில் கண்ணாடியை உடைத்தார்கள். பிறகு நாற்காலியில் அவனையே உட்காரவைத்து, தலைமுடியைப் பிடித்து நிமிர்த்தி, மாறி மாறிக் குத்தினார்கள். நான் அவளைத் தொட்டதுகூட இல்லை என்று அவன் கத்தினான். எல்லாப் பயல்களும் அதைத்தான் சொல்கிறான்கள் என்றார் இஸ்திரிக்காரர். கடைசியாக அவன் வலது கையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். கத்திரி பிடிக்கிற கை.

ஏணியக்கா ஓடி வந்தபோது வாசலில் இஸ்திரிக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இனிமே உங்க மேல ஒரு விரல் படாதுக்கா. நாங்க இருக்கோம்" என்றார், பெருமையாக. அவள் அவரைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். அவன் கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, பிசைந்த மாவு போலிருந்த மணிக்கட்டை மடியில் வைத்திருந்தான்.

"இதுவும் பாஞ்சதுதானா?" என்று கேட்டான்.

உங்களுக்குப் பிறகு சமூகம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

மருத்துவமனை பெஞ்சில் அவன் கைக்குக் கட்டுப் போடும்வரை காத்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்த ஒரு தப்பு ஞாபகத்துக்கு வந்தது. ஒரு பெரிய அலுவலகத்தில், ஒரே கம்பியின் இரண்டு முனையையும் தெரியாத்தனமாக ஒரே பெட்டியில் செருகிவிட்டாள். ஒரு நிமிடம்தான். பெட்டியின் விளக்குகள் எல்லாம் பைத்தியம் பிடித்தது போல் மின்னின. போன செய்தி போன வழியே திரும்பி வந்து, மறுபடி போய், மறுபடி வந்து, இரண்டு நாலாக, நாலு எட்டாக, ஐந்து மாடிக் கட்டடமும் மூச்சு முட்டி நின்றுவிட்டது. எங்கும் எதுவும் அறுபடவில்லை, எதுவும் எரியவில்லை. முடிவென்று ஒன்று இல்லாமல் போனதுதான் கோளாறு.

படிப்பை விட்டால் வேலை போகும். அவன் கையும் இப்படி ஆகிவிட்ட பிறகு வீட்டில் அடுப்பெரிய அவள் ஏணி ஒன்றுதான் வழி. ஆகவே மிச்சமிருந்த வகுப்புகளுக்கும் போனாள். வாங்கினாள். வாய் திறக்கவில்லை. அவர்கள் பேசுகிற பேச்சை மட்டும் உன்னிப்பாகக் கேட்டுப் பழகிக்கொண்டாள்.

ஆறாம் மாதக் கடைசியில் வாய்மொழித் தேர்வு. அன்று ஒரு நாள் மட்டும் கடைசி நாற்காலி முதலில் பேசலாம். எட்டுப் பேரும் காகிதமும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஏணியக்கா எழுந்தாள்.

"நாற்காலியெல்லாம் வரிசையாப் போட்டிருக்கு. வரிசைன்னா முதல்னு ஒண்ணு இருக்கும், கடைசின்னு ஒண்ணு இருக்கும். முதல்னு ஒண்ணு இருந்தா, அதுதானே மையம்? இங்க மையம் கிடையாதுன்னு சொல்றீங்க. அப்ப வட்டமா இல்ல உட்காரணும்?"

மூன்றாம் நாற்காலி கண்ணைத் துடைத்துக்கொண்டது. யாரோ கை தட்ட, மற்றவர்கள் அதைக் கூட்டித் தட்டினார்கள். முதல் நாற்காலி ஒருமுறை மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். மறுக்க வேண்டுமென்றால் நான்தான் முதல் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறு வருடப் பேச்சு முழுக்க அவர் தொண்டையில் சிக்கிக்கொண்டது. "மிக முற்போக்கான யோசனை" என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலியைத் தானே தூக்கினார்.

வட்டம் போட்டார்கள். இப்போது ஏணியக்காவுக்கு வலப்பக்கம் எட்டாம் நாற்காலி. இடப்பக்கம், கதவு இருந்த இடத்தில், முதல் நாற்காலி.

அவர் உறையிலிருந்து அவளுடைய சான்றிதழை எடுத்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டு இரண்டாவதிடம் கொடுத்தார். ஆளுக்கொரு வரி எழுதி அது வட்டம் சுற்றி அவள் கைக்கு வர வேண்டும். "கூடவே ஒரு சிறு பாராட்டு" என்று, பழக்கதோஷத்தில், இரண்டாவதன் தோளில் இரண்டு விரலால் தட்டியும் வைத்தார்.

காகிதம் மெதுவாக வந்தது. பாராட்டு வேகமாக வந்தது. முதுகு, கழுத்து, கன்னம், மூக்கு, வயிறு, முழங்கால். எட்டாம் நாற்காலி எழுந்தது. ஆறு மாதப் பழக்கத்தில் அந்தக் கை எந்த நொடியில் இறங்கும் என்று ஏணியக்காவுக்கு அத்துப்படி. பல்லைக் கடித்து, தோளைக் கொடுத்து வாங்கிக்கொண்டாள். பிறகு இடப்பக்கம் திரும்பினாள். அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததில்லை. ஒரு சின்னக் கீறல்கூட இல்லாத முகம்.

"வந்ததை வெச்சிக்கக் கூடாதுல்ல சார்?" என்று கேட்டாள். ஏணி தூக்கிக் காய்த்த கையால், பத்தொன்பது வருடத்தையும் கூட்டி, ஓங்கி ஒன்று விட்டாள்.

முதல் நாற்காலி நாற்காலியோடு சரிந்தார். எழுந்தபோது உதடு கிழிந்திருந்தது. கோபமாகக்கூட இல்லை அவர், திகைப்பாக இருந்தார். இதுவரை அவர் அனுப்பியிருக்கிறாரே தவிர, அவருக்கு எதுவும் வந்ததில்லை. சுவரிலிருந்த வாசகத்தைப் பார்த்தார். தேக்கம் குற்றம். இரண்டாவதன் பக்கம் திரும்பி, இந்த முறை இரண்டு விரலால் அல்ல, நாற்காலியைத் தூக்கி அவர் தோளில் இறக்கினார்.

அதற்கு மேல் கூட்டிக் கடத்துவதென்றால் என்னவென்று அறை முழுக்கத் தெரிய வந்தது. ஒரு சுற்று முடிவதற்குள் இரண்டு மண்டை உடைந்தது. எட்டாம் நாற்காலி படம் காட்டும் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்குவதைக் கண்டதும், ஏணியக்கா எழுந்து, தன் நாற்காலியையும் இழுத்துக்கொண்டு வட்டத்தை விட்டு வெளியே வந்துவிட்டாள். பெட்டி, அடுத்த ஆள் யாரோ அவர் மேல், முதல் நாற்காலியின் மேல் இறங்கியது. வட்டம் அவள் இல்லாமலே கச்சிதமாகக் கூடிக்கொண்டது.

சான்றிதழ் அப்போது நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் இருந்தது. அதற்காகக் காத்திருந்தால் உயிர் தப்பாது. போகிற போக்கில் கண்ணாடிப் பேழையைத் திறந்தாள். ஒன்பதில் ஒரு பங்கை மட்டும் தனியாக எடுக்க வழியில்லாததால் முழுப் பல்லையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு இறங்கினாள். மறுநாள் இணைப்பகத்துக்குப் போய் ஏணியை ஒப்படைத்தாள்.

மூன்றாம் நாள் காலையில் மேற்பார்வையாளரே அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். துறையில் என்னவோ கோளாறு, மூன்று நாளாக நிற்கவே இல்லை என்றார். சுவர் விரிசல் விட்டிருக்கிறதாம். தடுக்கப் போன காவலாளியைக் காணோம். கட்டுப் போடப் போன மருத்துவரும் திரும்பவில்லை. விசாரிக்கப் போன இரண்டு போலீஸ்காரர்களும் இப்போது வட்டத்தில்தான் இருக்கிறார்களாம். பதினொன்றாவது, பன்னிரண்டாவது நாற்காலியாக, நன்றாகவே கடத்துகிறார்களாம்.

"நீ ஆறு மாசம் அங்க இருந்தவ. போய் நிறுத்து."

"நிறுத்துறது சுலபம் சார். ஒருத்தர் நடுவுல போய் நிக்கணும். வர்ற அடியை வாங்கிக்கணும். யாருக்கும் குடுக்காம வெளிய வந்துரணும். அவ்வளவுதான்."

"அப்பப் போ."

"நான் தொட்டா குத்தமாச்சே" என்றாள். "என்கிட்ட சான்றிதழ் இல்லை."

மேற்பார்வையாளர் அந்த விதியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். அவர் எழுதிய விதிதான். ஓட்டையே இல்லாமல் எழுதியிருந்தார். துறை ஆறு வருடத்தில் மொத்தம் ஒரே ஒரு சான்றிதழ்தான் கொடுத்திருந்தது. அது அவர் தலைக்கு மேலே, தங்க நிறச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

எல்லாருமாகப் போனார்கள். கையில் மாவுக்கட்டோடு புருஷனும் வந்தான். அவளை உண்மையில் அடித்தவர்களை அவரும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக இஸ்திரிக்காரரையும் கூட்டி வந்தான். தாழ்வாரத்து ஜன்னல் கம்பிகளுக்குள் எட்டிப் பார்த்தார்கள். தரையெல்லாம் ரத்தமும் விசைப்பலகையிலிருந்து உதிர்ந்த எழுத்துக் கட்டைகளும் உடைந்த கண்ணாடியும். பன்னிரண்டு பேர் வட்டமாக நின்றார்கள். சுவர்க்கடிகாரத்தைவிட ஒழுங்காகச் சுற்றி வந்துகொண்டிருந்தது அடி.

இஸ்திரிக்காரர் வெகு நேரம் பார்த்தார். "இதுல அடிக்கிறது யாரு?" என்றார் கடைசியில்.

"யாருமில்லப்பா" என்றான் அவள் புருஷன். "பாயுது."

இஸ்திரிக்காரரின் பார்வை மாவுக்கட்டுக்குப் போனது. "அண்ணே" என்றார்.

மேற்பார்வையாளர் மூக்குக்கண்ணாடியையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி ஏணியக்காவிடம் கொடுத்தார். வாங்கிக்கிட்டு சும்மா இருக்கணும், அவ்வளவுதானே என்று மறுபடி கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான் என்றாள். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய், எட்டாம் நாற்காலிக்கும் முதல் நாற்காலிக்கும் நடுவில் நின்றார்.

எட்டாம் நாற்காலி கொடுத்தது. மேற்பார்வையாளர் சுழன்று, தடுமாறி, நிமிர்ந்தார். கை தன் கன்னத்தைத் தொட்டது. மூன்று நாளில் முதல்முறையாக அறையில் எல்லாம் நின்றது. மின்விசிறியின் சத்தம் கேட்டது. பன்னிரண்டு பேரும் ரத்தம் வழிய அவரையே பார்த்தார்கள். அதில் சிலருடைய பார்வை கெஞ்சுவது போலக்கூட இருந்தது. ஏணியக்கா ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். செய்துவிடுவார் போலத்தான் இருந்தது.

"என்னையா?" என்றார் மேற்பார்வையாளர்.

அவ்வளவுதான். இடப்பக்கம் திரும்பி, கூட்டிக் கடத்தினார்.

வட்டம் மறுபடி ஓடத் தொடங்கியது. அடியோடு சேர்ந்து இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது அந்தக் காகிதம். ஐந்தாம் நாற்காலிப் பெண்ணின் கைக்கு அது வந்தபோது அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஒரு கண் திறக்க முடியாமல் வீங்கியிருந்தது. காகிதத்தை ஆறாவதுக்குக் கொடுக்கவில்லை. கம்பிகளை நோக்கி நீட்டினாள். ஏணியக்கா இடுப்பிலிருந்த கட்டிங் பிளேயரை எடுத்து, கம்பிக்குள் விட்டு, நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

"நீயும் வந்துரும்மா" என்றாள்.

"ஆய்வேடு முடியலையேக்கா" என்றாள் அந்தப் பெண். அதற்குள் நாலாவது அவளை அறைந்தது. "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லி ஆறாவதன் பக்கம் திரும்பினாள்.

சான்றிதழின் மேல் இரண்டு செருப்புத் தடமும், முத்திரை வைக்க வேண்டிய இடத்தில் ரத்தமும் இருந்தன. ஆனால் எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். விதிப்படி அது போதும். ஏணியக்கா அதை இணைப்பகத்தில் காட்டித் தன் ஏணியைத் திரும்ப வாங்கினாள். மேற்பார்வையாளருடைய மூக்குக்கண்ணாடியையும் கடிகாரத்தையும் அவர் மேசை மேல், அந்தத் தங்க நிறச் சட்டத்துக்கு நேர் கீழே வைத்தாள்.

பழுதுப் பதிவேட்டில் அன்றைய முதல் புகார் மூன்றாம் மாடியினுடையது. அதற்கு எதிரே பேனாவை அழுத்திப் பிடித்து எழுதினாள்: "நேரில் போய்ப் பார்த்தேன். எங்கும் அறுபடவில்லை. ஓட்டம் நன்றாக இருக்கிறது. பழுது இல்லை."

கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினாள்.